சாலை போடுபவரும் அதை அளப்பவரும் ஒரே கட்சியின் தயவில் இருக்கலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மலேசியாவில் ஊராட்சி மன்ற உறுப்பினர் நியமனம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், அவற்றுள் இந்தியர்களுக்கு எத்தனை இடம் என்ற கணக்கே நம் பத்திரிகைகளில் முன்னால் நிற்கிறது. நம் சமூகத்தின் குரல் மன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அந்த இடங்கள் அனைத்தும் நிரம்பிய பிறகும் ஒரு பொறுப்பு மட்டும் யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் கிடக்கிறது. போடப்படும் சாலை ஒப்பந்தத்தில் சொன்ன கனத்திற்குப் போடப்படுகிறதா, வெட்டப்படும் கால்வாய் வரைபடத்தில் உள்ள ஆழத்திற்கு வெட்டப்படுகிறதா, உரிமம் கொடுத்த இலாகா அந்த உரிமத்தின் நிபந்தனைகள் காக்கப்படுகின்றனவா என்று போய்ப் பார்க்கிறதா என்பனவற்றை, எந்தக் கட்சியின் தயவும் தேவைப்படாத ஒருவர், வேலை நடக்கும் காலத்திலேயே நேரில் கண்டு, ஊர் மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும் பொறுப்பே அது. அப்படிப்பட்ட அதிகாரிகளை நியமிக்கும்படி மாநில அரசாங்கத்தை நாம் கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரில் வாழ்கிறேன். பணி ஓய்வு பெறும்வரை தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். எங்கள் நகரிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செல்லும் சாலையில் பள்ளி வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் பழக்குலை ஏற்றிய லோரிகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. அந்தச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஓரங்கள் பெயர்ந்து பள்ளங்கள் விழுந்துவிட்டன. லோரிகளின் பாரமே காரணம் என்று சிலர் சொல்கிறார்கள், தாரின் கனம் போதவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி என்று முடிவு செய்ய உதவும் ஒரு தாள்கூட மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. அரசாங்கக் கட்டுமான ஒப்பந்தங்களில் குத்தகையாளர் வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டைச் செயல்திறன் உத்தரவாதமாகக் கட்டுகிறார். வேலை முடிந்த பிறகு குறிப்பிட்ட காலம்வரை தோன்றும் குறைகளை அவர் தம் சொந்தச் செலவில் சரி செய்து கொடுக்கவும் வேண்டும். எங்கள் சாலைக்கு அந்தக் காலம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது என்று கேட்டபோது அலுவலகத்தின் ஒரு முகப்பில் இருந்தவர் இன்னொரு முகப்பைக் கைகாட்டினார். அதற்குள் எங்கள் பகுதி உறுப்பினரும் மாறிவிட்டார். பள்ளங்களை அடைக்க மீண்டும் பொதுப் பணமே செலவாயிற்று.

இப்படியொரு நிலை ஏன் உண்டாகிறது என்று பார்க்க, நாட்டின் வரலாற்றுக்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965ஆம் ஆண்டு, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் நம் சமூகத்தைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த ஆணையம் 1968ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில் தேர்தல்களை மீண்டும் நடத்தும்படி பரிந்துரைத்தது; அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவின் வழி தேர்தலுக்கு முடிவு கட்டியது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில ஆட்சி நியமிக்கலாம் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களாகவும், ஊராட்சி விவகாரங்களில் பரந்த அனுபவம் உள்ளவர்களாகவோ, தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்கியவர்களாகவோ, தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தக்கவர்களாகவோ இருக்க வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. கட்சி என்ற சொல்லுக்கே அங்கு வேலை இல்லை. சட்டம் தகுதியைக் கேட்கிறது. நடைமுறையோ ஆட்சியில் இருக்கும் கூட்டணிக் கட்சிகளுக்குள் இடங்களைப் பங்கிட்டுக் கொள்வதாக இருந்து வருகிறது. எந்தக் கூட்டணி ஆண்டாலும் இதில் மாற்றம் இல்லை.

பேராக் மக்கள் 2009ஆம் ஆண்டும், 2018ஆம் ஆண்டும், பிறகு 2020ஆம் ஆண்டும் ஆட்சி மாற்றத்தைக் கண்டவர்கள். ஒவ்வொரு மாற்றத்தோடும் மன்ற உறுப்பினர்களும் கிராம நிர்வாகக் குழுக்களும் மாறின. குழுவின் பெயரும் மாறியது, தலைவரும் மாறினார், முந்தைய தலைவர் வீட்டில் இருந்த கோப்பு புதியவர் கைக்கு வரவில்லை. பாதியில் நின்ற கால்வாயை முடிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், அது போன ஆட்சியின் திட்டம் என்பதே பதிலாகக் கிடைத்தது. ஆட்சிகள் மாறுவது மக்களாட்சியில் இயல்பு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆட்சி மாறும்போது பொதுப்பணிகளின் நினைவும் அழிந்துபோவதையே குறையாகச் சொல்கிறேன்.

தணிக்கை இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது, அதன் அடித்தளமும் உறுதியானது. கூட்டரசு அரசியலமைப்பின் 105ஆம் பிரிவின்படி, தலைமைக் கணக்காய்வாளரைப் பிரதமரின் ஆலோசனைப்படி, மாநிலத் தலைவர்கள் கூடும் ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்த பின் மாமன்னர் நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்குவதற்கு உரிய காரணங்களும் முறையும் இருந்தாலன்றி அவரைப் பதவியிலிருந்து நீக்க இயலாது. கூட்டரசின் கணக்குகளையும் மாநிலங்களின் கணக்குகளையும் அவர் தணிக்கை செய்கிறார்; மாநிலம் பற்றிய அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. ஆனால் இவையெல்லாம் பணம் செலவான பிறகு நடப்பவை. எங்கள் ஊர்ச் சாலையின் கனத்தை அளக்கக் கோலாலம்பூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வர முடியாது. வந்தாலும் தாருக்கு அடியில் என்ன போடப்பட்டது என்பது அதற்குள் மூடப்பட்டிருக்கும். வேலை நடக்கும்போதே கையில் அளவுகோலுடன் அருகில் நிற்பவர் ஒருவர் வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில், வெட்டியவர் கொண்டுவரும் பாலை அவரே நிறுத்து எழுதிக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் எந்நாளும் விட்டதில்லை. நிறுப்பவர் வேறு ஒருவர், எழுதுபவர் கிராணி. அதே சமயம் தராசு தம் கண்ணெதிரே இருக்க வேண்டும், முள் எங்கே நிற்கிறது என்று தாமும் பார்க்க வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டுப் பெற்றார்கள். பொதுப்பணியில் இந்த இரண்டு காவல்களும் நமக்கு இல்லை. வேலையைக் கேட்டு வாங்குபவரும், குத்தகையாளரைத் தெரிந்து வைத்திருப்பவரும், வேலை நன்றாக முடிந்தது என்று திறப்பு விழாவில் பேசுபவரும் பல இடங்களில் ஒரே அரசியல் வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தாலும் இந்த ஏற்பாடு தவறானதே.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஊர் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு மானியம் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 109ஆம் பிரிவும் பத்தாம் அட்டவணையும் கூறுகின்றன. அந்த மானியம் ‘மாரிஸ்’ என்னும் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தோட்டத்திற்குள் இருக்கும் சாலை தனியார் சாலை என்பதால் அது பதிவேட்டில் ஏறுவதில்லை. லயத்து வீடுகளிலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் போகும் செம்மண் பாதைக்கு யாரும் பொறுப்பேற்காமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம். தேர்தல் நெருங்கும்போது மட்டும் அந்தப் பாதையில் கல் கொட்டப்படுகிறது. எந்தக் கணக்கிலிருந்து கொட்டினார்கள் என்று எவரும் சொல்வதில்லை. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதும் பள்ளி நிற்கும் நிலம் பிறருக்குச் சொந்தமானது என்ற இதே போன்றதொரு சிக்கலோடு பிணைந்தது. உரிமையாக வர வேண்டியவை சலுகையாக வரும் இடங்களில்தான் கட்சி சாராத கண்காணிப்பு எல்லாவற்றிலும் அவசரமாகத் தேவைப்படுகிறது.

செலவைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. ஒழுங்குமுறைச் சட்டங்களை அமல்படுத்துவதும் இதே கேள்விக்கு உட்பட்டது. நம் தோட்டப்புறங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நல்ல முன்னுதாரணம் இதில் இருக்கிறது. எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர் ஆறுகளைக் கறுக்க வைத்த காலத்தில், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், கச்சாச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான விதிகள் 1977ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டன. கழிவுநீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவே அங்கு அளவுகோலாக வைக்கப்பட்டது. சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராமாக இருக்கும். 1978ஆம் ஆண்டு 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்த விதி, ஆண்டுக்கு ஆண்டு இறுகி, 1984ஆம் ஆண்டில் 100 மில்லிகிராமில் வந்து நின்றது. ஆற்றில் விடும் அழுக்கின் அளவுக்கு ஏற்ப உரிமக் கட்டணமும் ஏறியது. எண்ணெய் உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில் ஆற்றில் கலந்த அழுக்கின் சுமை பெருமளவு குறைந்தது. விதியில் ஓர் எண்ணும் ஒரு தேதியும் எழுதப்பட்டிருந்ததால், மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரிக்கு யாரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டிய தேவை எழவில்லை என்பதையே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அன்று குறைவாக இருந்தது ஒன்றுதான்: ஆலைகள் இலாகாவிடம் அளிக்கும் அளவீடுகளைக் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்கள் பார்க்க வழி இல்லை. அந்த நிலை இன்றும் மாறவில்லை. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்படித்தான். தோட்ட வீடுகளைப் பார்வையிட்ட அதிகாரி என்ன எழுதினார் என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத் தெரிவதில்லை.

கட்சி சாராதவர் என்று நான் சொல்வது, கருத்தே இல்லாத ஒருவரையோ வாக்களிக்காத ஒருவரையோ அன்று. அப்படி ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் அவரால் பயன் இராது. யார் அவரை நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, யாரால் எந்தக் காரணத்திற்காக அவரை நீக்க முடியும் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவருடைய சுதந்திரம் அமைகிறது. இதில் நீக்கம் பற்றிய கேள்வியே மிகவும் கடினமானது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், அரசாங்கத் துறைகளுக்குத் தலைமைக் கண்காணிப்பாளர்களை நியமிக்கும்போது கட்சிச் சார்பைக் கருத்தில் கொள்ளாமல், நேர்மையையும் கணக்கு, தணிக்கை, சட்டம், நிர்வாகம் முதலிய துறைகளில் மெய்ப்பித்த திறமையையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. சொல் அழகாகத்தான் இருந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புதிய அதிபர் பதவியேற்ற சில நாள்களிலேயே அவர்களில் 15 பேருக்கும் மேற்பட்டோர், நாடாளுமன்றத்திற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதியும் பின்பற்றப்படாமல், ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். அதே நாட்டில் 1921ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட தலைமைக் கணக்கர் பதவிக்கு 15 ஆண்டு காலம், ஒரே தவணை என்று வரையறுத்திருக்கிறார்கள். எந்த அதிபரின் ஆட்சிக் காலத்தையும் தாண்டி அவர் பதவியில் இருப்பார். நம் நாட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. தலைமைக் கணக்காய்வாளருக்கு நீதிபதிக்கு நிகரான பாதுகாப்பு இருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைமை ஆணையரோ பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுகிறார், பதவியில் நீடிப்பதும் அவ்வாறே. தனிமனிதர் யார் என்பதைப் பற்றி நான் பேசவில்லை. ஏற்பாட்டின் தன்மையைப் பற்றியே பேசுகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு பொதுப்பணி, உரிம மேற்பார்வை அதிகாரி இருக்கட்டும். சட்டமன்றத்தின் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் சம எண்ணிக்கையில் அமர்ந்த ஒரு குழு, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், பொறியாளர்களுடைய, கணக்காளர்களுடைய தொழில்முறை அமைப்புகளின் பரிந்துரையைப் பெற்று அவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அண்மை ஆண்டுகளில் கட்சிப் பொறுப்பில் இருந்தவரும், குத்தகைத் தொழிலில் நெருங்கிய உறவினர் உள்ளவரும் விண்ணப்பிக்க முடியாதபடி செய்யலாம். தேர்தல் சுழற்சியைவிட நீண்ட, மறுநியமனம் இல்லாத 7 ஆண்டுக் காலம் அவருக்குத் தரப்பட வேண்டும். காரணத்தை எழுத்தில் சொல்லி, அதே குழுவின் பெரும்பான்மை ஒப்புதலோடுதான் நீக்க முடிய வேண்டும். எந்தச் சாலை முதலில், எந்தக் கால்வாய் பிறகு என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு வேண்டாம், அது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் வேலை. கோப்பைத் திறந்து பார்க்கவும், வேலைத்தளத்திற்குள் முன்னறிவிப்பின்றிப் போகவும், மாதிரி வெட்டிச் சோதிக்கவும், கண்டதைக் காலாண்டுக்கு ஒரு முறை வெளியிடவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அந்த அறிக்கை தேசிய மொழியோடு தமிழிலும் சீனத்திலும் சுருக்கமாக வர வேண்டும், ஏனெனில் ஆலைச் சாலையில் அன்றாடம் போய்வருபவர்கள் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும்.

மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அதிகாரிக்கு இவ்வளவு இடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மன்ற உறுப்பினர்களும் இன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஆதி நாகப்பன் ஆணையம் சொன்னபடி ஊராட்சித் தேர்தல் திரும்ப வருமானால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன். அப்போதும் இந்த மேற்பார்வை வேண்டும். செலவு கூடுமே என்ற வாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரே சாலையை இருமுறை போடுவதைவிட ஓர் அதிகாரியின் சம்பளம் குறைவுதான்.

மூன்றாவதாக ஒரு மறுப்பு நம்மிடையே மெல்லிய குரலில் எழுவதை அறிவேன், அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர் இல்லாவிட்டால் தோட்ட மக்களுக்கு யார் செய்வார்கள் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். மின்கம்பம் வந்ததும், கோயிலுக்கு மானியம் வந்ததும், பள்ளிக்குக் கூரை மாறியதும் ஏதோ ஒரு தலைவர் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தால்தான் என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அந்த நன்றியை நான் மதிக்கிறேன். இலாகாக் கதவுகள் நமக்கு மூடியிருந்த காலத்தில் அந்தத் தலைவர்கள்தாம் தட்டினார்கள். ஆனால் அந்த வழியில் நாம் பெற்றது எவ்வளவு நிலையற்றது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியர்களின் சமூகப் பொருளாதார மேம்பாட்டிற்காக 2014ஆம் ஆண்டு தொடங்கிய செடிக் என்னும் அரசாங்கப் பிரிவு, 2018ஆம் ஆண்டு மித்ரா எனப் பெயர் மாறிற்று. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்படும் அந்த அமைப்பு, ஆட்சியும் அமைச்சரவையும் மாற மாறப் பிரதமர் துறைக்கும் தேசிய ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே இடம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விண்ணப்பித்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். எதிர்க்கட்சி வென்ற தொகுதிக்கு ஒதுக்கீடு குறைவதும், சில சமயம் அறவே இல்லாமற்போவதும் எந்தக் கூட்டணியின் ஆட்சிக்கும் புதிதில்லை. தலைவர் தோற்றால் கால்வாயும் நின்றுவிடும் என்றால், அது தலைவருக்கும் கெடுதல், அவரை நம்பிய மக்களுக்கும் கெடுதல். கட்சி சாராத மேற்பார்வை வந்தாலும் நம் பிரதிநிதிகள் கேட்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. அவர்கள் கேட்டு வாங்கியது குறையாமல் வந்து சேர்ந்ததா என்பதற்கு அவர்களுக்கே ஒரு சான்று கிடைக்கும்.

இதற்குச் சாதகமான காலம் இப்போது வந்திருக்கிறது. இதுநாள்வரை 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டத்தையும் கருவூலச் சுற்றறிக்கைகளையும் நம்பி நடந்துவந்த அரசாங்கக் கொள்முதலுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட மசோதா 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மக்களவையில் நிறைவேறியது. அதை வரவேற்றவர்களிலும் பலர், அமைச்சரிடமும் மாநில அரசாங்கத்தின் தலைவரான மந்திரி பெசாரிடமும் அதிகாரம் மிகுதியாகக் குவிகிறது என்று கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலைக்கு மாநில அளவில் பதில் சொல்ல நான் மேலே சொன்ன ஏற்பாடு உதவும். தகவல் பெறும் உரிமையிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். பினாங்கு 2010ஆம் ஆண்டும் சிலாங்கூர் 2011ஆம் ஆண்டும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றிவிட்டன. பேராக் சட்டமன்றமும் அத்தகையதொரு சட்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டமன்றத்தின் அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் இந்த மேற்பார்வைப் பதவிக்கான தீர்மானத்தைக் கொண்டுவரும்படி, ஆளும் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் உள்ள நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்சி வேறுபாடின்றிக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை நாமும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. தோட்டப்புற நகரங்களில் உள்ள வாசகர்கள் அடுத்த முழுக் கூட்டத்தின் தேதியை மன்ற அலுவலகத்தில் கேட்டு அறிந்து, இரண்டு மூன்று பேராகப் போய் அமர வேண்டும். தங்கள் ஊரில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் குத்தகையாளரின் பெயர், ஒப்பந்தத் தொகை, தாரின் கனம், குறைகளுக்குப் பொறுப்பேற்கும் காலம் முடியும் நாள் ஆகியவற்றை வேலைத்தளப் பலகையில் எழுதும்படி மன்றத்திற்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அக்கூட்டங்களுக்குத் தங்கள் நிருபர்களையும் தவறாமல் அனுப்பும்படி ஆசிரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பேராக்.